இடுக்கியால் எடுத்த கார்ட்

இதை எழுதாமல் விட்டுவிடத்தான் இருந்தேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைவிட்டு ஓடியவன் நான். பேனா பிடித்தால் எனக்குக் கை வலிக்கும். பேசினால் மட்டும் வாய் வலிக்காது. பதுளையில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்த டொக்டர் மேடம் மூன்று தடவை ஃபோன் எடுத்தார்.

"புதுசா வேலைக்கு வர்ற பிள்ளைங்களுக்கு ஒரு சின்னப் புத்தகம் போடுறோம். நீங்க அன்னைக்கு ஹோல்ல சொன்னத அப்படியே எழுதிக் குடுங்க."

"மேடம், என் எழுத்த வாசிக்கிறதுக்கே தனியா ஒரு பயிற்சி வைக்கணும்."

"அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதனால்தான் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியின் பெயரைப் போடவில்லை. நண்பனின் பெயரை மாற்றியிருக்கிறேன். ஊர்களையும் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன். செய்த மடத்தனத்தை மட்டும் மாற்றவில்லை.

1. ஓபிடியில் பெரட்டு

நமுனுகுல மலைப் பக்கம், தேயிலைக்கு நடுவில் இருக்கிற ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் அட்டெண்டன். ஆளைத் தூக்குவது, கட்டிலைத் தள்ளுவது, நோயாளிகளின் கார்ட்டை டொக்டர் அறைக்குக் கொண்டுபோவது எல்லாம் என் வேலை. அவற்றோடு வெளிநோயாளிகள் வருகிற ஓபிடியில் பெயர் கூப்பிடுவதும் என் வேலை. அங்கே நான்தான் ராஜா.

தோட்டத்தில் காலையில் பெரட்டுக்கு ஆட்கள் கூடுவார்கள். கங்காணி பெயர் கூப்பிட்டு யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புவார். அதே ராகத்தில் நான் நோயாளிகளைக் கூப்பிடுவேன்.

"சீனி வருத்தம் செல்லம்மாக்கா, பத்தாம் நம்பர் மலை! பிரஷர் பெருமாள் அண்ணே, ஓடி வராதீங்க, ஏறிடும்! மூலம் முனியாண்டி அண்ணே, நீங்க நின்னுக்கிட்டே இருக்கலாம்!"

பெஞ்சே சிரிக்கும். "இந்தப் பய இல்லாட்டி ஆஸ்பத்திரிக்கு வரவே மனசு வராது" என்பார் செல்லம்மாக்கா. யாருடைய நோயை யாருக்குச் சொல்கிறேன் என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை. ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள் இருக்கிற லயத்தில், முதல் வீட்டில் மிளகாய் தாளித்தால் எட்டாவது வீட்டில் தும்முவார்கள். அங்கே பிறந்தவனுக்கு ரகசியம் என்றால் என்ன தெரியும்?

எங்கள் ஆஸ்பத்திரியில் இன்னொரு வழக்கம் இருந்தது. எச்.ஐ.வி. உள்ள ஆள் என்று தெரிந்தால், கார்ட்டின் மேல் மூலையில் சிவப்பு மையால் ஒரு சின்ன நட்சத்திரம் போடுவோம். வெளியாருக்குத் தெரியக்கூடாது என்று வைத்த குறி. அதற்கு என்ன அர்த்தம் என்று டொக்டரிலிருந்து கூட்டுகிற அக்கா வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். டீ கொண்டுவருகிற கென்டீன்காரருக்கும் தெரியும்.

நான் வேலைக்கு வந்த பிறகு இரண்டு நட்சத்திரம் பார்த்திருந்தேன். மூன்றாவது யோகனின் கார்ட்டில் இருந்தது.

2. காமெடி

யோகனும் நானும் ஒரே லயம், ஒரே வகுப்பு. கணக்குப் பாடத்தில் அவன் எழுதுவான், நான் பார்த்து எழுதுவேன். அவனுக்கு வந்த பிழையெல்லாம் எனக்கும் வரும். பிறகு அவன் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனான். திரும்பி வந்தபோது பாதி ஆளாக வந்தான். பதுளை கிளினிக்கில் பரிசோதித்து மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். அதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

ஒருநாள் காலையில் காய்ச்சலோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்துக் கையைக்கூட ஆட்டினான். கவுண்டரில் பதுளைக் கடிதத்தைக் காட்டியிருக்கிறான். கார்ட் என் டிரேக்கு வந்தது. மூலையில் மை காயாத நட்சத்திரம்.

டிரேயிலிருந்து கையை எடுத்துவிட்டேன். முப்பது பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அடுத்து என்ன சொல்லப்போகிறேன் என்று. பயம் வந்தால் எனக்குத் தெரிந்த ஒரே மருந்து கோமாளித்தனம். ஒரு சோடி கிளவுஸ் போட்டேன். அதற்கு மேல் இன்னொரு சோடி போட்டேன். காயத்துக்குப் பஞ்செடுக்கிற இடுக்கியை எடுத்தேன். செத்த எலியை வாலில் பிடிப்பதுபோல யோகனின் கார்ட்டை இடுக்கியால் தூக்கி, உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தேன்.

"யோகன் மாஸ்டர்! ஒங்க கார்ட் சூடா இருக்கு, கை சுடுது!"

பெஞ்சு குலுங்கியது. யோகன் மட்டும் சிரிக்கவில்லை. நட்சத்திரத்தைப் பார்த்தான். இடுக்கியைப் பார்த்தான். எழுந்து வந்து கார்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, டொக்டரைப் பார்க்காமலே கேட்டைத் தாண்டிப் போய்விட்டான்.

செல்லம்மாக்கா கேட்டார், "ஏன்டா, அந்தப் பயலுக்கு மட்டும் எதுக்கு இடுக்கி?"

"சும்மா காமெடிக்குக்கா."

அந்தக் கேள்வி பொழுது சாய்வதற்குள் லயத்துக்கு வந்து சேர்ந்தது. ஒரு வாரத்தில் பதிலும் சேர்ந்தது. நாங்கள் எல்லோரும் தண்ணீர் பிடிக்கிற பீலியில் யோகனின் அம்மா குடத்தை வைத்தால், மற்றவர்கள் தங்கள் குடத்தை நகர்த்தினார்கள். அடுத்த வாரம் யோகன் ஊரைவிட்டே போய்விட்டான். 'என் வாயால் ஒரு வார்த்தை சொன்னேனா?' என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். உண்மைதான். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

3. பதுளையில் ஒரு நாற்காலி

சில மாதம் கழித்துக் கடிதம் வந்தது. எச்.ஐ.வி. உள்ளவர்களைப் பராமரிப்பது பற்றி பதுளையில் பயிற்சி, ஆஸ்பத்திரிக்கு ஒரு ஆள். புஷ்பம் மிஸ்ஸிதான் எங்கள் தலைமை நர்ஸ். அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"நீ போ. ரெண்டு நாளாவது இந்த ஓபிடி நிம்மதியா இருக்கட்டும்."

நானும் பகல் சாப்பாட்டை நம்பித்தான் போனேன்.

முதல் கேள்வியாக மேடம் கேட்டார், "நோயாளி சாப்பிட்ட கோப்பையால தொத்தும்னு நெனைக்கிறவங்க கை தூக்குங்க." நான் இரண்டு கையையும் தூக்கினேன். பாதி ஹோலும் தூக்கியது. தொற்றாதாம். தொட்டால், இருமினால், ஒரே கட்டிலில் உட்கார்ந்தால், நுளம்பு கடித்தால், எதனாலும் தொற்றாதாம். ரத்தத்தால், பாதுகாப்பில்லாத உடலுறவால், தாயிடமிருந்து பிள்ளைக்கு, அவ்வளவுதான். தாய் மருந்து குடித்தால் பிள்ளையையும் காப்பாற்றலாமாம்.

"ஒழுங்கா மருந்து குடிச்சு, ரத்தத்துல வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கொறைஞ்சு, அப்படியே இருந்தா, உடலுறவாலகூட மத்தவங்களுக்குப் போகாது" என்றார் மேடம்.

எனக்குப் பக்கத்தில் இருந்த வேறு ஆஸ்பத்திரி நர்ஸ் எழுந்தே விட்டார். "மேடம், நான் பதினஞ்சு வருஷமா வேலை செய்றேன். இத இன்னைக்குத்தான் கேக்குறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் கோமாளி, எனக்குத் தெரியாது, சரி. இவர் நர்ஸ்!

இரண்டாம் நாள் மேடம் ஒரு நாற்காலியை நடுவில் போட்டார். "யாரு நோயாளியா நடிக்கிறீங்க?" நான் குதித்துப் போய் உட்கார்ந்தேன். என் பெயரில் ஒரு கார்ட் எழுதி, மூலையில் சிவப்பு நட்சத்திரம் போட்டார். அந்தக் குறி எங்கள் ஆஸ்பத்திரியில் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

"ஒங்க ஆஸ்பத்திரியில என்ன நடக்குமோ அதையே செய்ங்க. நல்ல பிள்ளையா நடிக்க வேணாம்" என்றார் மற்றவர்களிடம்.

ஒருவர் வந்து என் நாற்காலியைக் கக்கூஸ் கதவோரம் இழுத்துப் போட்டார். ஒருவர் நகப்பூச்சால் கோப்பையில் அடையாளம் போடுவது எப்படி என்று காட்டினார். ஒருவர் வாசலிலேயே நின்று, "எவளோட போனே?" என்று கேட்டார். நான் எல்லாவற்றுக்கும் முகத்தைக் கோணிக்காட்டிச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தேன். கடைசியாக, நான் அதற்கு முன் பார்த்தேயிராத ஒரு குண்டு அட்டெண்டன் அண்ணன் எழுந்தார். டிரேயில் தேடி இடுக்கியை எடுத்தார். என் கார்ட்டை நுனியில் தூக்கி உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தார்.

"கார்ட் சூடா இருக்கு, கை சுடுது!"

ஹோல் முழுக்கச் சிரிப்பு.

"அண்ணே, இத எங்க படிச்சீங்க?"

"எங்க ஆம்புலன்ஸ் ட்ரைவர் சொன்னாருப்பா. நமுனுகுல பக்கம் ஒரு பய இப்படிச் செய்வானாம். நல்ல ஆளு போல. இப்ப எங்க ஆஸ்பத்திரியில எல்லாருமே செய்றோம்."

எல்லாருமே செய்கிறோம். எத்தனை பேர்? எத்தனை கார்ட்? நான் ஒரு யோகனுக்குத்தான் செய்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேடம் சிரிக்கவில்லை. மணியைப் பார்த்தார். "இப்ப டீ. டீ முடியிற வரைக்கும் அவரு நோயாளிதான்."

எல்லோருக்கும் பீங்கான் கோப்பையில் டீ வந்தது. எனக்குக் காகிதக் கோப்பை. குண்டு அண்ணன் அதை மேசையில் வைத்து, கோடு போடுகிற அடிமட்டத்தால் என் பக்கம் தள்ளிவிட்டார். பிறகு எல்லோரும் கூடி நின்று பேச ஆரம்பித்தார்கள். காலையில் எனக்கு இஞ்சி டொஃபி கொடுத்த அதே நர்ஸ் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கக்கூஸ் கதவோரம் நான் மட்டும்.

"ஹலோ, நோயாளிக்கு பிஸ்கட் கெடையாதா?" என்று கத்தினேன்.

யாரும் திரும்பவில்லை. காதில் விழாத மாதிரி இருப்பதும் நடிப்பில் சேர்த்தி என்று நினைத்திருக்கிறார்கள். அது விளையாட்டு என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். இருந்தும் அந்த டீயைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டேன். நான் சொன்ன பகிடிக்கு ஒரு ஆள்கூடத் திரும்பிப் பார்க்காதது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

டீ முடிந்ததும் மேடம் கேட்டார், "எப்படி இருந்திச்சு?"

ஏதாவது பகிடி சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேறொன்று வந்தது.

"அந்த இடுக்கிக் காமெடி என்னோடது மேடம்."

யோகனின் பெயரைச் சொல்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். குண்டு அண்ணன் தன் கையில் இன்னும் இருந்த இடுக்கியைப் பார்த்தார். சத்தமில்லாமல் டிரேயில் வைத்தார். மேடம் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அவரு இப்ப மருந்து குடிக்கிறாரா?"

"தெரியாது மேடம். விட்டிருந்தா என்ன ஆகும்?"

"வைரஸ் திரும்பப் பெருகும். எதிர்ப்பு சக்தி விழும். அப்புறம் சாதாரண வருத்தம்கூட ஆளைக் கொண்டுபோயிரும்."

"அவன் கிளினிக்குக்கு வர்றானான்னு பாத்துச் சொல்ல முடியுமா?"

"முடியாது. வர்றவங்க யாருன்னு நான் ஒங்ககிட்ட சொன்னா, எனக்கும் ஒங்களுக்கும் என்ன வித்தியாசம்?"

செவிட்டில் அறைந்தமாதிரி இருந்தது. நான் கிளம்பும்போது கூப்பிட்டு, "அவரக் கண்டா சொல்லுங்க. செவ்வாய்க்கிழமை காலையில வரலாம். ஏன் விட்டீங்கன்னு யாரும் திட்ட மாட்டாங்க. அங்க பேர் கூப்பிடுறதில்ல, நம்பர்தான்" என்றார்.

4. பெரகலயில் ஒரு டீ

யோகன் பெரகலச் சந்தியில் ஒரு டயர் கடையில் இருப்பதாக அவன் அம்மா சொன்னார். போனேன். டியூபைத் தேய்த்துக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். கன்னம் இரண்டும் ஒட்டிப்போயிருந்தது.

"என்னடா, கிளவுஸ் கொண்டு வரலியா?"

நான் பஸ்ஸிலேயே ஒரு திட்டம் போட்டிருந்தேன். பக்கத்துக் கடையில் இருந்து அவனுக்கு டீ வந்தது. இரண்டு மடக்குக் குடித்துவிட்டு வைத்தான். நான் அந்தக் கிளாஸை எடுத்து, கடையே பார்க்கும்படி மடமடவென்று குடித்து முடித்தேன்.

"பாத்தியா? ஒன்னும் ஆகாதுடா!"

உள்ளேயிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார். "ஏன் தம்பி, அது அவன் குடிச்ச டீ இல்லியா? அவன் டீயில அப்படி என்ன ஆகப்போகுது?"

யோகனின் முகம் வெளுத்துவிட்டது. அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. மறுபடியும் அதையேதான் செய்திருக்கிறேன்.

"பஸ்ல வந்த தாகம் முதலாளி. பயப்படாத, வேற டீ வாங்கித் தாறேன்னு இவன்கிட்ட சொன்னேன்" என்று எப்படியோ சமாளித்தேன்.

யோகன் என்னை இழுத்துக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு வந்தான்.

"அன்னைக்கு இடுக்கி, இன்னைக்கு கிளாஸ். ரெண்டும் ஒன்னுதான்டா. ரெண்டு தடவையும் ஒனக்குப் பாக்குறதுக்கு ஆள் வேணும்."

"மருந்து குடிக்கிறியா?" என்றேன்.

"ரெண்டு மாசம் குடிச்சேன். ஒரு நாளைக்கு ஒரு குளிசை, அவ்வளவுதான். அன்னைக்கு ஒன் ஆஸ்பத்திரியில இருந்து வந்தேன்ல, வர்ற வழியில போத்தலப் பள்ளத்துல வீசிட்டேன்."

"ஏன்டா?"

"என்கிட்ட பாத்து எழுதுனவனே இடுக்கியால எடுக்குறான். அப்புறம் நான் குளிசை குடிச்சு யாருக்கு மனுசனாகப் போறேன்?"

ஒரு போத்தல் மருந்து. அதை யாரும் பறிக்கவில்லை, தட்டிவிடவில்லை. நான் எட்டு மைல் தள்ளி நின்று ஓபிடியில் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"தப்புடா மச்சான். செவ்வாய்க்கிழமை கிளினிக் இருக்கு. திட்ட மாட்டாங்களாம். பேர்கூடக் கூப்பிட மாட்டாங்க, நம்பர்தான். நான் கூட வரவா?"

"நீ வரவே வேணாம். நீ எங்க வந்தாலும் ஒன் பின்னாடி ஊரே வரும்."

"அப்ப நான் என்னதான்டா செய்யணும்?"

"அந்த நட்சத்திரத்த அழி. அப்புறம் பாப்போம்."

பஸ் வந்துவிட்டது.

5. மிஸ்ஸியின் ஊசி

மறுநாள் புஷ்பம் மிஸ்ஸியிடம் போய் நின்றேன். "மிஸ்ஸி, அந்த நட்சத்திரம் வேணாம்."

"ரெண்டு நாள் பதுளைக்குப் போயிட்டு வந்து எனக்கு சொல்லிக் குடுக்கிறியா? அது இல்லாட்டி நாளைக்கு எனக்கு ஊசி குத்தினா யாரு பொறுப்பு?"

"நட்சத்திரம் இல்லாத ஆளுங்களுக்கு நீங்க வெறுங்கையால ரத்தம் எடுக்குறீங்க. அவங்கள்ல எத்தன பேரு டெஸ்ட் பண்ணியிருக்காங்க மிஸ்ஸி? எல்லார் ரத்தத்துக்கும் கிளவுஸ் போட்டா நட்சத்திரம் எதுக்கு? ஊசி குத்தினா சவர்க்காரம் போட்டுக் கழுவிட்டு நேரா பதுளைக்கு ஓடணும். மூணு நாளைக்குள்ள மருந்து ஆரம்பிச்சிடணும். அன்னைக்கே ஆரம்பிச்சா இன்னும் நல்லம்."

மிஸ்ஸி கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "அதுக்கு மருந்து இருக்கா?"

"இருக்கு மிஸ்ஸி."

"எனக்கு ஒரு தடவ குத்தினிச்சு. யாருகிட்டயும் சொல்லல. ரத்தம் சோதிச்சு ஒன்னும் இல்லன்னு தெரியிற வரைக்கும் என் பிள்ளைக்கு முத்தம் குடுக்கல. அதுக்குப் பொறகுதான் இங்க இந்த நட்சத்திரத்தையே ஆரம்பிச்சேன்."

"யாரோட ஊசி?"

"சும்மா காய்ச்சல்னு வந்த ஆளோட ஊசிடா. நட்சத்திரம் இருந்திருந்தாலும் அந்தக் கார்ட்டுல போட்டிருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவர்போல நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

இருபது வருஷ நர்ஸுக்கு, ஊசி குத்தினால் எங்கே ஓடுவது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதிலிருந்து நான் இன்னும் தெளியவில்லை.

எங்கள் டொக்டர் அரைநாள் ஒதுக்கித் தந்தார். ஆஸ்பத்திரியில் எல்லோரையும் கூட்டி அதே நாற்காலியைப் போட்டேன். நோயாளியாக மிஸ்ஸியே உட்கார்ந்தார். காகிதக் கோப்பையோடு பத்து நிமிஷம்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். சிவப்பு மை அழியவில்லை. அந்தக் கார்ட்டுகளைத் தன் கையாலேயே புதிதாக எழுதினார்.

இப்போது ரத்தம் எடுக்கிற மேசையில் எல்லோருக்கும் ஒரே கிளவுஸ் பெட்டி. நான் நம்பர் மட்டும் கூப்பிடுகிறேன். முதல் நாள் செல்லம்மாக்கா கேட்டார், "ஏன்டா, ஒன் வாய்க்கு என்ன வருத்தம்?"

"அத வெளிய சொல்ல மாட்டேன்க்கா."

புதிதாக வருகிற தம்பி தங்கைகளுக்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான். கிளவுஸ் ரத்தத்துக்கு, ஆளுக்கு இல்லை. ஊசி குத்தினால் வெட்கப்படாமல் அன்றைக்கே ஓடுங்கள். முதல் நாள் உங்களுக்கும் பயம் வரும். வந்தால் தெரிந்தவர்களிடம் கேளுங்கள். என்னைப்போல அதைச் சிரிப்பாக்கி நோயாளியின் தலையில் கொட்டாதீர்கள்.

நட்சத்திரம் இல்லாத ஒரு வெறும் கார்ட்டைப் படம் பிடித்து, "அழிச்சாச்சு" என்று யோகனுக்கு அனுப்பினேன். பார்த்தான், பதில் போடவில்லை. இதை எழுதி முடித்ததும் எல்லாப் பக்கத்தையும் படம் பிடித்து அனுப்பினேன். "மேடத்துக்கிட்ட குடுக்கவா? நீ வேணாம்னா கிழிச்சிடுறேன்" என்று கேட்டேன். சனி, ஞாயிறு, திங்கள் ஒன்றும் இல்லை. இன்று செவ்வாய்க்கிழமை. காலையில் பதினாலாம் நம்பரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது பொக்கெட்டில் ஃபோன் அதிர்ந்தது.

"படிச்சேன்டா, குடு, இங்க நம்பர மெதுவாத்தான் கூப்பிடுறாங்க, நீ வந்து கத்திக் கெடுத்துராத."